எடைமேடை, இரவு 2:14

திம்மராயன் போன் செய்தபோது விடியவில்லை.
"மேடம், சந்தூர் வண்டி. முந்நூத்தி நாப்பது கிலோ இடிக்குது.
மாதப்பன் கேட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கினு
எந்திரிக்க மாட்டேங்கறாரு."
பின்னால் யாரோ
என்னைப் பெற்றவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

ராயக்கோட்டை ரோட்டு மாடியறை.
மடிக்கணினியைத் திறந்தேன்.

முதலில் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.
சர்வரின் கடிகாரம் லண்டனைப் பார்த்து ஓடுகிறது.
இங்கே இரண்டே காலுக்கு மேடையேறிய லாரி
அங்கே முந்தின நாள் இரவு எட்டே முக்காலுக்கே
ஏறிவிட்டிருக்கிறது.
ஐந்தரை மணி நேரத்தை
நான்கு வருடமாக விரல்விட்டுக் கூட்டுகிறேன்.
திருத்த அரை நாள் போதும்.

வண்டி நுழைந்தது. தகவல்.
எடை நின்றது. தகவல்.
சீட்டு அச்சானது. தகவல்.
வண்டி நுழைந்தது. தகவல்.

மாம்பழ சீசனில் ஓர் இரவுக்கு நாற்பதாயிரம் வரி,
நலம் நலம் என்று
ஹாஸ்டல் பிள்ளை வீட்டுக்கு எழுதுவதுபோல.
நலத்தை யார் படிக்கிறார்கள்?
பிழை என்ற சொல்லைத் தேடினேன்.
இல்லை.

எச்சரிக்கை இருந்தது.
02:14:07 (கூட்டிய பிறகு) எடை ஆடுகிறது, மீண்டும் பார்க்கிறேன்.
02:14:09 எடை ஆடுகிறது, மீண்டும் பார்க்கிறேன்.
02:14:11
இங்கே வரவே கூடாது. வந்தால் பிரபாவதியைக் கேட்கவும்.

பிரபாவதி நான்தான்.

கேட்டுப் பார்த்தேன்.
மூன்று வருடத்துக்கு முன் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை
பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எழுதியிருப்பாள்.
அவளுக்கும் ஞாபகமில்லை.

ஸ்கூட்டரில் காவேரிப்பட்டணம் சாலை.
ஏரிக்கரைப் புளியமரத்தடியில் அந்த நடுகல்,
பாதி மண்ணில்.
தினமும் கடக்கிறேன், இன்றுதான் வண்டியை நிறுத்தினேன்.
எழுத்து எனக்குப் படிக்க வராது.
அளக்க வந்தவர் ஒருவர் ஒருமுறை சொன்னார்:
யார் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு,
யாருடைய தொறு,
மீட்டுப் பட்டவன் யார் மகன்.
அவ்வளவுதான்.
ஒவ்வோர் எழுத்துக்கும் உளி தேய்கிறவன்
'இங்கே வரவே கூடாது' என்று வெட்டியிருக்க மாட்டான்.

ஆலை வாசலில் பெங்களூரா வாசனை, ஈ, டீசல்.
நிரலைப் பிரித்ததில் தெரிந்தது:
மூன்று முறை ஆடினால்
மூன்றில் சின்ன எண்ணை எடுத்துக்கொள் என்று
எழுதி வைத்திருக்கிறேன்.
அந்த மூன்று எண்களை எங்கும் எழுதி வைக்கவில்லை.
மாதப்பனின் போன் எண்ணில்
கடைசி நான்கைத் தவிர எல்லாம் நட்சத்திரம்;
அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

பழம் ஏற்கனவே தொட்டிக்குள் போய்விட்டது.
மறுபடி நிறுக்க ஒன்றுமில்லை.

"மெஷின் மேலதான் தப்பு" என்றேன்.
மேனேஜர் கேட்டார்:
"லாக்ல அப்படி இருக்கா?
இருக்கறத மட்டும் படிங்க."
படித்தேன். எல்லார் முன்னாலும்.
இங்கே வரவே கூடாது.

மாதப்பன் முதல்முறை என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"வந்துட்டனேம்மா" என்றார்.
"நைட்டெல்லாம் லைன்ல நின்னு வந்துட்டனே."
திம்மராயன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

பேரம் பேசி இருநூறு கிலோவுக்குப் பணம் கொடுத்தார்கள்.
மிச்சம் நூற்று நாற்பது
எந்தக் கணக்கிலும் இல்லை.

எடைமேடை அறையின் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே
அந்த வரியை அழித்தேன்.
வண்டி எண். எந்த மேடை. மூன்று எடைகள்.
எதை எடுத்தோம், ஏன்.
என் பெயரை எடுத்துவிட்டேன்.
பதினான்கு நாளில் தானாக அழியும் பதிவுக்கு
இது அதிகம்தான்.

மறுநாள் இரவு 2:31.
பர்கூர் வண்டி. மேடை இரண்டு.
11,480. 11,910. 11,900.
எடை எடுக்கவில்லை, வண்டியை நிறுத்தி ஆளைக் கூப்பிடுகிறேன்.

அதாவது ஒன்பது மணி ஒரு நிமிடம்.
நேரத்தை இன்னும் திருத்தவில்லை.